மீன் ஒவ்வாமை என்று எழுதிவிட்டார்கள்

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு மீன் ஒவ்வாது என்று மொரீஷியஸில் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு. ஊருக்கு ஃபோன் செய்து அம்மாவிடம் சொன்னால், "பால்குடி மறக்குறதுக்கு முன்னாடியே சாளைக் குழம்பு தின்னவ நீ" என்று சிரிக்கிறாள்.

நடந்தது தைப்பூசத்துக்கு மறுநாள். இங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. பத்து நாள் விரதம், வீட்டுக்குள் மீன் வாசனையே இருக்கக் கூடாது. அந்த வருடம் விரதத்தின் நடுவில் ஒரு புயல் வேறு வந்து போனது. எங்கள் தெருவில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. காவடி முடிந்து, இலையில் ஏழு கறிச் சாப்பாடும் முடிந்து, மறுநாள் காலையில் தான்தின் முதல் வேலையாகத் தெருவில் வந்த வண்டியில் சூரை மீன் வாங்கினார்.

தான்தின் என்பது பெயரல்ல. இந்தத் தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான். ரோஸ் ஹில்லில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரம்மா அவர். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த குடும்பம். தமிழ் அவருக்குக் கோயில் பாட்டுகளிலும், சமையல் சாமான் பெயர்களிலும், என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதிலும் மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் க்ரியோல். பேரன் மட்டும் பள்ளியில் தமிழ் எடுத்துப் படிக்கிறான். பரீட்சை நெருங்கினால் நோட்டும் கையுமாக மாடியேறி வருவான்.

மீன் வாங்கும்போது தான்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், வயிற்றை அழுத்துவார், கடைசியில் முகர்ந்து பார்ப்பார். என் பாட்டியும் இதையேதான் செய்வாள். அன்றைய மீன் நான்கு பரீட்சையிலும் தேறியது. அதை விந்தாய் செய்தார். மீனைப் பொரித்து, இடித்த கடுகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், வினிகர் சேர்த்து ஊற வைக்கும் பண்டம். ஊறுகாய்க்கும் குழம்புக்கும் இடையில் எங்கோ நிற்கும். முதல் வாய் வைத்ததும் நாக்கில் மிளகு கடித்தாற்போல் சுருக்கென்றது. கடுகு தூக்கலாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் காது இரண்டும் சுட ஆரம்பித்தன. முகம் செக்கச் செவேலென்று ஆனது, நெஞ்சு படபடத்தது, தலை பிளந்தது. எதிரே உட்கார்ந்து அதே சட்டியிலிருந்து சாப்பிட்ட தான்தினுக்கு ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். அதே மீனைத் தின்ற இன்னொருவருக்கு ஏதாவது ஆனதா? இல்லை என்றோம். அப்போது ஒவ்வாமைதான் என்று முடிவு கட்டிவிட்டார். ஆண்டிஹிஸ்டமின் கொடுத்தார்கள், இரண்டு மணி நேரத்தில் சரியானது. மருந்து கேட்டதால் நோயும் உறுதியாகிவிட்டது. நான் மீன் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், இது ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். முகமெல்லாம் தக்காளி நிறத்தில் உட்கார்ந்திருப்பவள் சொல்வதை யார் கேட்பார்கள்?

ஹிஸ்டமின் கதை சுருக்கமாக இது. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளமாகக் கிடக்கும், கிலோவுக்குப் பல கிராம். மீன் செத்த பிறகு ஐஸ் குறைந்தால், செவுளிலும் குடலிலும் இருக்கும் சில பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நம் உடம்பு ஒவ்வாமையின்போது தானே சுரப்பதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, ஒரே மாத்திரையில் அடங்குகிறது. கொடுமை என்னவென்றால், உருவான ஹிஸ்டமின் பொரித்தாலும் போகாது, டப்பாவில் அடைத்து நூறு டிகிரிக்கு மேல் வேக வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. பாக்டீரியா செத்துப்போனாலும் அது விட்டுப்போன நொதி தன் வேலையைத் தொடரும். வாசனையில் தெரியும் என்றும் நம்ப முடியாது. போதாததற்கு, ஒரே மீனில் ஒரு துண்டில் குவிந்தும் பக்கத்துத் துண்டில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். தான்தினின் துண்டு நல்ல துண்டு, அவ்வளவுதான்.

மறுநாள் மிச்சமிருந்த பச்சை மீனை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். நாங்கள் அங்கே செய்தது பழைய முறை, 1959-இல் ஷோர் என்பவரும் கூட்டாளிகளும் எழுதியதன் வழிவந்தது. மீனை மெத்தனாலில் அரைத்து, சாற்றை ஒரு பிசின் குழாய் வழியாக இறக்கி, காரமாக்கி, ஓபிஏ என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஒரு பொருளைச் சேர்க்க வேண்டும். ஹிஸ்டமின் தானாகப் பளிச்சென்று ஒளிராது. ஓபிஏ அதைப் பிடித்துக்கொண்டதும் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். என் மீன் துண்டு ஒளிர்ந்தது. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் ஒன்பது மாதிரி எடுத்தால் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இரண்டு மட்டும் 100-க்கும் 200-க்கும் நடுவில் இருக்கலாம், ஒன்றுகூட 200-ஐத் தாண்டக் கூடாது. நான் தின்றது அந்தக் கணக்குக்குள் எங்குமே அடங்கவில்லை.

அந்த அச்செடுத்த தாளைக் கொண்டுபோய்க் காட்டியும் கோப்பு மாறவில்லை என்பது வேறு விஷயம்.

என்னை அரித்துக்கொண்டே இருந்தது இதுதான். அந்தச் சோதனை முடிய அரை நாள் ஆனது. பெரிய தொழிற்சாலைகளுக்கு அது கட்டுப்படியாகும். இங்கே பிடிபட்டு டப்பாவில் போகும் சூரைக்கு ஆளும் கருவியும் இருக்கின்றன. தெருவில் வரும் வண்டிக்கு யார் இருக்கிறார்கள்? மேலும் ஒரே மீனில் துண்டுக்குத் துண்டு வித்தியாசம் என்றால், ஒரு துல்லியமான சோதனையைவிட இருபது சுமாரான சோதனைதான் உதவும். ஒரு சொட்டு சாறு, ஒரு சின்னக் குழாய், ஒரு விளக்கு. ஒளிர்ந்தால் வாங்காதே. அப்படி ஒன்று செய்ய முடியுமா என்றுதான் ஒளிரும் டிஎன்ஏ பக்கம் போனேன்.

டிஎன்ஏ என்றதும் மரபணு, இரட்டைச் சுருள், தந்தை யார் என்ற வழக்கு என்றெல்லாம் நினைவுக்கு வரும். அதையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். இங்கே வேண்டியது ஒற்றை இழை, முப்பது நாற்பது எழுத்து நீளம். எழுத்து என்பது டிஎன்ஏ கோக்கப்பட்டிருக்கும் நான்கு வகை வேதித் துண்டுகளில் ஒன்று. துணையில்லாத இழை சும்மா நீட்டி நிமிர்ந்து கிடக்காது. தன்மேலேயே மடிந்து, முடிச்சிட்டு, ஏதோ ஒரு உருவம் எடுக்கும். சில இழைகள் ஏதாவது ஒரு மூலக்கூறு கிடைத்தால்தான் முழுதாக மடியும். என் பாட்டி முந்தானையில் காசு முடிந்து வைப்பாள். காசு இல்லாதபோது அது வெறும் துணி முனை. காசை வைத்துச் சுருட்டி முடிந்தால்தான் அங்கே ஒரு முடிச்சே உண்டாகும், அந்தக் காசின் அளவுக்கு. ஏப்டமர் எனப்படும் டிஎன்ஏ இழைகள் பலவும் அப்படித்தான்.

எந்த இழை எந்தக் காசை முடியும் என்று யோசித்து எழுத முடியாது, தேடித்தான் பிடிக்க வேண்டும். 1990-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதற்கு வழி கண்டுபிடித்தன. கொலராடோவில் கிரெய்க் டுயர்க், லாரி கோல்ட். பாஸ்டனில் ஆண்ட்ரூ எலிங்டன், ஜாக் ஷோஸ்டாக். இரண்டு குழுவும் முதலில் செய்து காட்டியது டிஎன்ஏ-வின் தங்கையான ஆர்என்ஏ-வில். எழுத்துகளைக் கண்டபடி கலந்து கோடி கோடியாக இழைகளைச் செய்துகொள்வது. இலக்குப் பொருளோடு சேர்த்து, ஒட்டியவற்றை மட்டும் பிரித்து, பெருக்கி, மறுபடி சேர்த்து, மறுபடி பிரிப்பது. முறத்தில் புடைப்பதுபோல் பத்துத் தடவை புடைத்தால் கடைசியில் கொஞ்சம் மணிதான் மிஞ்சும். 1995-இல் ஷோஸ்டாக்கின் ஆய்வகத்திலேயே, உடம்பின் ஆற்றல் நாணயமான ஏடிபி-யைப் பிடிக்கும் டிஎன்ஏ இழை ஒன்று கிடைத்தது. இன்றுவரை இந்தத் துறையில் புதிதாக ஏதாவது செய்தால் பலரும் முதலில் அந்த இழையில்தான் காட்டுகிறார்கள். அது ஏடிபி-யையும் அதன் பாஸ்பேட் குறைந்த தம்பிகளையும் வேறு பிரிக்காது என்பதை மட்டும் பலர் சத்தமாகச் சொல்வதில்லை.

சிறிய மூலக்கூறு என்பதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. ஒரு புரதத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு கை இந்தப் பக்கம், இன்னொரு கை அந்தப் பக்கம் என்று இரண்டு பேர் பிடிக்கலாம். கர்ப்பப் பரிசோதனைக் குச்சி அப்படித்தான் வேலை செய்கிறது. ஹிஸ்டமினின் மூலக்கூற்று எடை 111. இரண்டு பேர் பிடிக்க அதில் இடமே இல்லை. புடைக்கும்போதும் அதே தொல்லை. வழக்கமாக இலக்கை ஒரு நுண்ணிய உருண்டை மணியில் ஒட்டவைத்துக்கொண்டு இழைகளை மேலே ஊற்றுவார்கள். இவ்வளவு சின்னப் பொருளை மணியில் ஒட்டினால், பிடிப்பதற்கு இருந்த ஒன்றிரண்டு மூலையில் ஒன்று ஒட்டுவதற்கே போய்விடும். அதனால் பிறகு தலைகீழாக மாற்றினார்கள். இழைகளை மணியில் கட்டிவைத்து, இலக்கைச் சுதந்திரமாக விட்டு, அது வந்ததும் கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து ஓடும் இழைகளை மட்டும் பொறுக்குவது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

சரி, ஒளி எங்கிருந்து வருகிறது? இதைப் பேரனுக்குச் சொல்லப் போய்த்தான் எனக்கே தெளிவானது. அவன் கேட்டது தமிழ்ச் சொல். "அக்கா, ஃப்ளுவோரசான்ஸுக்குத் தமிழில் என்ன?" ஒளிர்வு என்றேன். உடனொளிர்வு என்றும் எழுதுகிறார்கள். அவன் நோட்டில் பக்கத்திலேயே "மின்மினி" என்று உதாரணம் எழுதினான். மின்மினி வேறு, அது உள்ளே வேதிவினை செய்து தானே வெளிச்சம் உண்டாக்குகிறது, இது வெளியிலிருந்து ஒரு நிறத்தை வாங்கி இன்னொரு நிறத்தைத் திருப்பித் தருவது என்றேன். நம்பவில்லை.

கீழே கடையில் ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு ஒன்றைக் கடன் வாங்கிவந்தோம். (இங்கே நோட்டில் தமிழும் அச்சாகியிருக்கும். ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவரும் அதை ஒரு தடவை படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை.) கண்ணாடித் தம்ளரில் டானிக் வாட்டர் ஊற்றி, சன்னலைச் சாத்தி, விளக்கைப் பிடித்தேன். தம்ளர் முழுக்க நீலம். அது கொய்னா, மலேரியா மருந்து. 1852-இல் ஸ்டோக்ஸ் என்ற, அயர்லாந்தில் பிறந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இந்த ஒளிர்வை ஆராய்ந்துதான் அதற்கு இப்போதைய ஆங்கிலப் பெயரை வைத்தார். 1867-இல் இந்தத் தீவில் மலேரியா வாரிக்கொண்டு போனவர்களில் கரும்புத் தோட்டக் கூலிகள் எத்தனையோ பேர். நாற்பது வருடம் கழித்து, மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று காட்டிய ரொனால்ட் ராஸ் நேரில் வந்து அறிக்கை எழுதினார். தான்தின் கதவோரம் நின்று தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பையனிடம் ஒரு பிடி உப்பைக் கொடுத்துப் போடச் சொன்னேன். கலக்கக் கலக்க நீலம் மங்கிப்போனது. கொய்னா எங்கும் போகவில்லை, அதே அளவு அதே தம்ளரில் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு மோதி மோதி, அது வாங்கிய ஆற்றலை ஒளியாகத் தர விடாமல் செய்கிறது. "அணைக்கிறது" என்றான் பையன். நல்ல சொல். அணைப்பான் என்றே வைத்துக்கொள்ளலாம்.

டிஎன்ஏ சென்சரிலும் ஒரு ஒளிர்வானும் ஒரு அணைப்பானும்தான். முறை கொஞ்சம் வேறு. அங்கே இருவரும் ஒருவரோடொருவர் மோத வேண்டியதில்லை, சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருந்தாலே போதும், ஆற்றல் கைமாறிவிடும். அந்தக் கணக்கை 1948-இல் ஃபோர்ஸ்டர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி போட்டு வைத்தார். தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறையும், அதாவது கொஞ்சம் விலகினாலே பிடி மொத்தமாக விட்டுப்போகும். 1996-இல் நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் ஒரே டிஎன்ஏ இழையின் இரு முனையிலும் இருவரையும் உட்கார வைத்தார்கள். இழை மடிந்திருந்தால் இருட்டு, ஜோடி இழை வந்து ஒட்டி நிமிர்த்தினால் வெளிச்சம். சின்ன மூலக்கூறுகளுக்கு ஏற்றபடி 2003-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நுதியுவும் லீயும் செய்த வடிவம்தான் எனக்கு வேண்டியது. ஏப்டமர் இழையின் பக்கத்தில் ஒளிர்வான். அதன்மேல் ஒரு குட்டி இழை, அணைப்பானைச் சுமந்துகொண்டு, ஏப்டமரின் ஒரு பகுதியோடு ஜோடி சேர்ந்து உட்கார்ந்திருக்கும். இலக்கு வந்ததும் ஏப்டமருக்கு அதைச் சுற்றி முடிச்சுப் போடும் ஆசை வந்துவிடும், குட்டி இழை தள்ளிவிடப்படும், இருட்டு கலையும்.

ஹிஸ்டமினுக்கு வெளியான இழைகளில் ஒன்றை எடுத்து, மேலாளரிடம் கெஞ்சி, ஆர்டர் போட்டேன். டிஎன்ஏ வாங்குவது தையல்காரரிடம் அளவு சொல்வதுபோல, எழுத்துகளைத் தட்டச்சு செய்து அனுப்பினால் தைத்து அனுப்புவார்கள். பார்சல் சுங்கத்தில் படுத்துத் தூங்கி ஒருவழியாக வந்தது. அலுமினியத் தாள் சுற்றிய சுண்டுவிரல் நுனி அளவுக் குழாய், உள்ளே ஒன்றுமே இல்லை. பயந்துவிடக் கூடாது. அடியில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கறை படிந்திருக்கும், எச்சில் காய்ந்தாற்போல. அதுதான் சரக்கு. குழாயைச் சுழற்றும் கருவியில் வைத்து அடியில் படியவிடாமல் மூடியைத் திறந்தால் மூச்சுக் காற்றிலேயே பறந்துவிடும். இரண்டு இழைகளையும் கலந்து 95 டிகிரிக்குச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் ஜோடி சேர்ந்துகொள்ளும்.

சுத்தமான தாங்கற் கரைசலில், அதாவது அமிலத்தன்மை சட்டென்று மாறாமல் பார்த்துக்கொள்ளும் உப்புக் கரைசலில், ஹிஸ்டமினைச் சொட்டியதும் கருவியில் ஒளியின் எண்கள் ஏறின. அன்று சாயங்காலம் நான் பேருந்தில் சிரித்துக்கொண்டே வந்திருப்பேன்.

மறுநாள் மீன் சாறு. இன்னும் வேகமாக ஏறியது. சந்தோஷப்பட்டுக்கொண்டே, கெட்ட மீன், நல்ல மீன் இரண்டையும் வைத்தேன். இரண்டும் ஏறின. அப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அதே எழுத்துகளை வரிசை மாற்றிக் கலைத்துப்போட்ட, எதையும் பிடிக்கத் தெரியாத ஒரு இழையில், அதே ஒளிர்வானையும் அணைப்பானையும் ஏற்றி, மீன் சாற்றில் விட்டேன். அதுவும் ஜெகஜ்ஜோதியாக ஒளிர்ந்தது.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க இரண்டு மாதம் ஆனது. பெரிய குற்றவாளி மீன் சதையிலுள்ள டிஎன்ஏ தின்னும் நொதிகள். இழையைக் கடித்துத் துண்டாக்கினால் ஒளிர்வானும் அணைப்பானும் பிரியத்தானே செய்யும்? கருவிக்கு அதுவும் ஹிஸ்டமின்தான். அடுத்தது அமிலம். சாறு புளித்திருந்தால் ஃப்ளோரசீன் வகை ஒளிர்வான் மங்கும், நடுநிலைக்குக் கொண்டுவந்தால் பளிச்சிடும், இலக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உப்பின் அளவு மாறினாலும் குட்டி இழையின் பிடி தளரும். ஒளிராமல் இருக்க ஒரு வழி, ஒளிர்வதற்கு ஆயிரம் வழி.

இது என் கைராசி மட்டுமல்ல. ஆர்செனிக்கைப் பிடிக்கும் என்று ஒரு டிஎன்ஏ இழையை வைத்துப் பல வருடம் பல ஆய்வகங்கள் சென்சர் செய்துகொண்டிருந்தன. 2019-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜூவென் லியூவின் குழு நிதானமாகச் சோதித்துப் பார்த்து, அந்த இழை ஆர்செனிக்கைப் பிடிக்கவே இல்லை என்று எழுதியது. தங்கத் துகள்களை வைத்து நிறமாற்றம் பார்த்த சோதனைகளில், ஆர்செனிக் நேரே தங்கத்தில் போய் ஒட்டி நிறத்தை மாற்றியிருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வழி கிடைத்தது ஹிஸ்டமினின் அதே கெட்ட குணத்தில். அது கொதித்தாலும் சாகாது, நொதிகள் பெரும்பாலும் செத்துவிடும். சாற்றைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, சுழற்றி, மேலிருக்கும் தெளிவை எடுத்தேன். இன்னொரு விஷயமும் சாதகம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லிமோல். சென்சர் ஆய்வுகளில் எல்லோரும் நானோமோல், பிக்கோமோல் என்று கீழே போவதில் போட்டி போடுகிறார்கள். எனக்கு அந்தக் கூர்மை தேவையே இல்லை. சாற்றைத் தாங்கற் கரைசலில் ஐம்பது மடங்கு நீர்க்கச் செய்தாலும் இருபது மைக்ரோமோல் மிஞ்சும், சுமாரான ஏப்டமருக்கும் அது எட்டும் தூரம். நீர்க்க நீர்க்க மீனின் அமிலம், உப்பு, கலங்கல் எல்லாம் பின்னால் போய்விடும். கலைத்துப்போட்ட இழை ஒருவழியாக இருட்டில் கிடந்தது.

மிச்சமிருப்பது ஹிஸ்டிடின். ஹிஸ்டமினுக்கும் அதற்கும் ஒரே ஒரு கார்பாக்சில் தொகுதிதான் வித்தியாசம். நல்ல சூரையிலும் அது ஹிஸ்டமின் எல்லையைவிடப் பல பத்து மடங்கு இருக்கும். என் இழை அதையும் லேசாகக் கவ்விப் பார்க்கிறது. அதனால் இப்போதைக்கு மிகக் கெட்ட மீனும் மிக நல்ல மீனும் பிரிந்து தெரிகின்றன, நடுவில் இருப்பது எதுவும் தெரியவில்லை. விற்க லாயக்கில்லை. தான்தினுக்கு இதை விளக்கினேன். "அப்ப அது என் மூக்கு மாதிரிதான்" என்றார், க்ரியோலில். கொஞ்சம் வலித்தது. அவர் மூக்கைவிட ஒரு படி மேல், அன்றைய மீனை இது பிடித்திருக்கும் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு எண்ணெய் காய்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

போன மாதம் காய்ச்சலுக்காக மறுபடி அதே இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. தான்தின் துணைக்கு வந்தார். செவிலியர் கோப்பைப் புரட்டி, சிவப்பு மையில் விரலை வைத்து, "மீன் ஒவ்வாமை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தான்தின் முந்திக்கொண்டார்.

"இருக்கு இருக்கு. நேத்து ராத்திரி என் பங்கையும் சேர்த்துத் தின்னுட்டுத்தான் படுத்தா."